பெட்டிக்கு ஒரு தடம், ஆளுக்கு ஒரு தடம்: வடசென்னைச் சாலைகளின் கதை

சாலை என்பது எல்லோருக்கும் பொது என்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் சாலையில் இடம் போதாமல் போகும்போது "யார் முதலில் போவது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் கார்பூல் தடம். ஒரே காரில் இரண்டு பேரோ மூன்று பேரோ சேர்ந்து வந்தால் அவர்களுக்குத் தனித்தடம், தனியாக ஓட்டி வருபவருக்கு நெரிசல் தடம். சென்னையில் இப்படி ஒரு தடம் இருந்ததில்லை. ஆனால் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருவது இதே சண்டைதான். அங்கே போட்டி காருக்கும் காருக்கும் இல்லை, இரும்புப் பெட்டிக்கும் மனிதருக்கும்.

முதலில் கார்பூல் தடத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வடசென்னையில் நடந்தது என்ன என்பது அதன்பின் எளிதாகப் புரியும்.

நான்கு பேர் இருந்தால் வழி விடு

1969-ல் வாஷிங்டன் நகருக்குள் வரும் ஷெர்லி நெடுஞ்சாலையின் நடுவே பேருந்துகளுக்கு மட்டும் என்று ஒரு தடம் ஒதுக்கினார்கள். பேருந்துகள் பறந்தன. ஆனால் பேருந்துக்கும் பேருந்துக்கும் இடையில் தடம் காலியாகக் கிடந்தது. பக்கத்துத் தடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நான்கு பேருக்குக் குறையாமல் ஏற்றி வரும் கார்களையும் அந்தத் தடத்தில் அனுமதித்தார்கள்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. ஒரு நெடுஞ்சாலைத் தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள் போகலாம். ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் என்றால் 2,000 பேர். அதே தடத்தில் மூன்று பேர் கொண்ட 1,000 கார்கள் போனால் 3,000 பேர். தடம் பாதி காலியாகத் தெரியும், ஆனால் ஒன்றரை மடங்கு மக்களைச் சுமக்கும். நடுநடுவே பேருந்துகளும் வந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதும் கணக்கில் வருவதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். கார்பூல் தடத்துக்கு வந்த எதிர்ப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

1976-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இது வெடித்தது. சாண்டா மோனிகா நெடுஞ்சாலையில் ஏற்கெனவே எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தடத்தை எடுத்து, மூன்று பேர் இருந்தால்தான் அனுமதி என்று மார்ச் 15 அன்று அறிவித்தார்கள். வைர வடிவக் குறி போட்டதால் "வைரத் தடம்" என்று பெயர். ஊரே கொந்தளித்தது. விபத்துகள் கூடின, பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை என்ற காரணத்தைக் காட்டி, ஐந்து மாதங்களுக்குள் நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. அதே ஊரில், 1973-ல் புதிதாகக் கட்டப்பட்ட எல் மான்டே பேருந்துத் தடமோ கார்பூலுக்கும் திறந்துவிடப்பட்டு நன்றாகவே நடந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஒன்று இருந்ததைப் பிடுங்கியது, மற்றது இல்லாததைச் சேர்த்தது.

எல் மான்டே தடத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 2000 ஜனவரியில், சட்டமன்றம் மூன்று பேர் என்பதை இரண்டு பேர் என்று தளர்த்தியது. உடனே தடம் நிரம்பிவிட்டது. பேருந்துகளும் நெரிசலில் சிக்கின. ஆறே மாதத்தில், நெரிசல் நேரத்துக்கு மட்டும் மறுபடி மூன்று பேர் என்று மாற்றினார்கள். தடத்தைப் போடுவது ஒரு வேலை, அதைத் தினமும் நடத்துவது வேறு வேலை என்பது அப்போது தெரிந்தது.

ஆசியாவிலும் முயன்றார்கள். சிங்கப்பூர் 1975 ஜூன் 2 முதல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் காலையில் 3 வெள்ளி கட்டணம் போட்டது. நான்கு பேர் இருந்தால் இலவசம். விளைவு, கார் உரிமையாளர்கள் பேருந்து நிறுத்தங்களில் நின்று முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்! 1989-ல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. ஜகார்த்தாவில் 1992 முதல் "மூன்று பேர் இருந்தால்தான் அனுமதி" என்ற விதி முக்கியச் சாலைகளில் இருந்தது. அங்கே காரில் ஆள் எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே சாலையோரம் கூலிக்கு நிற்பவர்கள் உருவானார்கள். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களும் உண்டு. குழந்தையும் ஒரு தலைதானே! இந்த ஏமாற்று வேலையால் விதிக்குப் பயனே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். 2016-ல் விதியை எடுத்தபோது, மாலை நெரிசல் நேரத்தில் ஒரு கிலோமீட்டருக்கான தாமதம் 2.8 நிமிடத்திலிருந்து 5.3 நிமிடமாக உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஏமாற்றையும் மீறி அது வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே

இனி வடசென்னைக்கு வரலாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். துறைமுகமோ இயற்கையாக அமைந்தது அல்ல. திறந்த கடலில் சுவர் எழுப்பி உருவாக்கியது. 1881 புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டி, 1904-க்குப் பின் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றி, ஒரு வழியாகத் துறைமுகம் நிலைபெற்றது. ஆனால் கடலுக்குள் சுவர் நீட்டினால் மணல் தெற்கே தேங்கும், வடக்கே அரிக்கும். தெற்கே தேங்கிய மணல் மெரினா ஆனது. வடக்கே அரிப்புக்கு ஆளானது இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்கள். இந்த அரிப்பு பின்னாளில் சாலைக் கதைக்குள்ளும் நுழைகிறது.

சரக்கு வந்தால் தொழிற்சாலையும் வரும். விம்கோ தீப்பெட்டி ஆலை, எம்.ஆர்.எஃப்., 1948-ல் எண்ணூரில் தொடங்கி பின்பு அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸ், 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1960களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அடுத்து உர ஆலை, எண்ணூர் அனல் மின் நிலையம் என்று வரிசையாக எழுந்தன. அந்நாளில் தொழிலாளர்கள் சைக்கிளிலும், கும்மிடிப்பூண்டி ரயிலிலும், ஆலைப் பேருந்துகளிலும் வந்தார்கள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க சைக்கிள் மணிச் சத்தம்தான்.

இந்தப் பகுதியின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் ஒல்லியான ஒரு நிலத்துண்டு. அதில் தெற்கு வடக்காகப் பெரிய சாலைகள் இரண்டே இரண்டு. ஒன்று கடைகளும் கோயிலும் பள்ளிகளும் நெருக்கிக் கிடக்கும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. இன்னொன்று கடலை ஒட்டிப் போகும் எண்ணூர் விரைவுச்சாலை. மேற்கே மணலிக்கோ மாதவரத்துக்கோ போக வேண்டுமானால் ரயில் பாதையையும் கால்வாயையும் தாண்டியாக வேண்டும். "டோல்கேட்" என்று இன்றும் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர். வண்டிகளை நிறுத்தி வரி வாங்கிய காலத்தின் மிச்சம் அது. இந்தச் சாலையில் வண்டிகள் நிற்பது புதிய பழக்கம் இல்லை போலும்!

பெட்டி வந்தது

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் தொடங்கப்பட்டது. மூட்டையாகவும் பெட்டியாகவும் தனித்தனியே வந்த சரக்கு, இருபதடி நாற்பதடி இரும்புப் பெட்டிகளில் வர ஆரம்பித்தது. கப்பல் வேகமாக இறங்கியது, வேகமாக ஏறியது. 2001 இறுதியில் முனையத்தை நடத்தும் பொறுப்பு தனியாரிடம் போனது. 2009-ல் இரண்டாவது முனையமும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் பெருகப் பெருக, பெட்டிகளும் பெருகின. 2010-11 நிதியாண்டில் சென்னைத் துறைமுகம் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 15 லட்சத்துக்கும் மேல். ஒரு நாளுக்கு வகுத்தால் 4,000-க்கு மேல் வரும். ரயிலில் போனது சிறு பங்குதான். மீதி எல்லாம் டிரைலர் லாரி.

இந்த லாரிகள் எந்த வழியாகப் போகும்? துறைமுகத்தின் தெற்கு வாயில் ராஜாஜி சாலைப் பக்கம் திறக்கிறது. அங்கே தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பாரிமுனை. பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் தடை. இரவில் மட்டும்தான் அந்தப் பக்கம் விட்டார்கள். ஆகவே பகல் முழுதும் பெட்டிகள் வடக்கு வாயில்களை, குறிப்பாக ஜீரோ கேட்டை, நம்பியே இருந்தன. ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றிய பெட்டி தெற்கேயிருந்து நேராகத் துறைமுகத்துக்கு வராமல், ஊரைச் சுற்றி மாதவரம், மணலி, எர்ணாவூர் என்று வடக்கே போய், அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கி வர வேண்டும். தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் சாலைகள் பகலில் லாரி இல்லாமல் இருந்ததற்கு விலை கொடுத்தது திருவொற்றியூர்தான் என்று சொன்னால் அது மிகையல்ல.

வரிசை

பிரச்சினை சாலையில் தொடங்கவில்லை, வாயிலில் தொடங்கியது. ஒவ்வொரு லாரியும் வாயிலில் நிற்க வேண்டும். சுங்கத்துறைத் தாள், ஓட்டுநரின் நுழைவுச் சீட்டு, பெட்டியின் முத்திரை, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் சோதனை என்று எல்லாம் முடிய வேண்டும். ஒரு லாரியின் தாளில் சிக்கல் என்றால் அதைத் திருப்பி வெளியே அனுப்ப இடமில்லை. பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். உள்ளே பெட்டி இறக்கும் கிரேன் பழுதானாலும் அதே கதிதான்.

ஒரு சின்னக் கணக்கு. நாற்பதடிப் பெட்டி ஏற்றிய ஒரு டிரைலர், முன்பின் இடைவெளியோடு, சுமார் 16 மீட்டர் இடம் பிடிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு அறுபது லாரி. பத்து கிலோமீட்டர் ஒற்றை வரிசை என்றால் அறுநூறு லாரி. வாயிலில் ஒரு வழியில் ஒரு லாரிக்கு இரண்டு நிமிடம் ஆனால், கடைசி லாரி உள்ளே போக இருபது மணி நேரம்! இது கற்பனைக் கணக்கு போலத் தோன்றலாம். ஆனால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிசை எர்ணாவூரைத் தாண்டி மணலி வரை போனதும், ஓட்டுநர்கள் ஒரு நாள், இரண்டு நாள் என்று வண்டியிலேயே கிடந்ததும் வடசென்னைக்காரர்களுக்குச் சாதாரணச் செய்தி. சமைப்பது, குளிப்பது, தூங்குவது எல்லாம் சாலையோரத்தில்தான். இரண்டடி முன்னால் நகரும் நேரத்தில் தூங்கிவிட்டால் வேறு லாரி புகுந்துவிடும் என்பதால் ஓட்டுநரும் கிளீனரும் முறைபோட்டு விழித்திருந்தார்கள். லாரி உரிமையாளர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கிளம்பிவிடும் என்று ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள்.

போக்குவரத்துப் போலீசார் செய்ய முடிந்தது ஒன்றுதான். லாரிகளை இடது ஓரமாக ஒரே வரிசையில் நிற்க வைப்பது. அதாவது, எந்தப் பொறியாளரும் வரைபடம் போடாமலேயே அங்கே ஒரு தனித்தடம் உருவாகிவிட்டது. காவலர் நகர்ந்ததும் அது இரண்டு வரிசை ஆகும், சில நேரம் மூன்று. மிச்சமிருக்கும் ஒற்றைத் தடத்தில் மாநகரப் பேருந்து, மீன் ஏற்றிய டெம்போ, பள்ளி வேன், ஆம்புலன்ஸ், எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் போக வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குள் திரும்புவார்கள், அதுவும் அடைத்துக்கொள்ளும்.

கார்பூல் தடத்தைத் தலைகீழாகப் புரட்டினால் இதுதான் கிடைக்கும். ஷெர்லி நெடுஞ்சாலையில் அதிக மனிதரை ஏற்றிய வண்டிக்குத் தடம் ஒதுக்கினார்கள். எண்ணூர்ச் சாலையிலோ இரண்டே பேர் இருக்கும் வண்டிக்குத் தடம் கிடைத்தது, அறுபது பேர் இருக்கும் பேருந்து மிச்சத்தில் தொங்கியது. அந்தத் தடமும் ஓடுகிற தடம் அல்ல, நிற்கிற தடம். குப்பத்திலிருந்து கடலுக்கோ சந்தைக்கோ போகிறவர்கள் இரண்டு லாரிகளின் இடுக்கில் நுழைந்துதான் சாலையைத் தாண்ட வேண்டியிருந்தது. டிரைலரின் உயரத்தில் இருக்கும் ஓட்டுநருக்குத் தன் முன்சக்கரத்தருகே நிற்பவர் தெரிவதில்லை. பைக்கில் போனவர்களும் நடந்து போனவர்களும் இந்தச் சாலையில் உயிரிழந்த செய்திகள் அடிக்கடி வந்தன. ஒவ்வொரு முறையும் மறியல், பேச்சுவார்த்தை, மறுபடி வரிசை.

அகலப்படுத்தினால் தீருமா?

இதற்குத் தீர்வாக வந்தது எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம். எண்ணூர் விரைவுச்சாலை, திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகிய நான்கையும் சேர்த்து 30 கிலோமீட்டர். இதைப் பற்றிய பேச்சு 1990களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், மாநில அரசு என்று நான்கு பேர் சேர்ந்து இதற்கென ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். நான்கு பேர் ஒரே காரில் போனால் சீக்கிரம் போகலாம், நான்கு அலுவலகங்கள் ஒரே கோப்பில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் 150 கோடி ரூபாயில் முடியும் என்று பேசப்பட்டது, கடைசியில் 600 கோடி அளவுக்கு வந்து நின்றது. 2011 வாக்கில்தான் வேலை வேகம் பிடித்தது. முடிவதற்குள் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியும் வந்துவிட்டது.

தாமதத்துக்கு அலுவலகங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கிழக்கே கடல் சாலையைத் தின்றுகொண்டிருந்தது. பாறைகளைக் கொட்டி, தூண்டில் வளைவுகள் கட்டி, கடலைத் தள்ளி வைத்தபின்தான் சாலையைப் பற்றியே யோசிக்க முடிந்தது. மேற்கே மீனவர் வீடுகள். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை எழுப்பி மாற்று வீடு தர வேண்டும். கட்டுமரத்தைக் கரையில் விட்டுவிட்டுத் தொலைவில் அடுக்குமாடியில் போய்க் குடியிருக்க எந்த மீனவர்தான் உடனே ஒப்புக்கொள்வார்?

இதில் சாண்டா மோனிகா, எல் மான்டே கதை மறுபடி வருகிறது. இருக்கிற சாலையில் ஒரு தடத்தைப் பெட்டிக்கு ஒதுக்கினால் ஊர் மறுக்கும். புதிதாகத் தடம் சேர்க்க இடமில்லை. சேர்த்தால் குடிசை போகும். இரண்டுக்கும் நடுவில் சிக்கியே இருபது ஆண்டுகள் ஓடின.

சரி, அகலமான சாலை வந்ததும் வரிசை மறைந்ததா? சாலை அகலமானதும் வரிசையும் அகலமானது என்பதே உண்மை. காரணம் வெளிப்படை. குடுவையின் வயிற்றை எவ்வளவு பெரிதாக்கினாலும் கழுத்து அதேதான் என்றால் தண்ணீர் அதே வேகத்தில்தான் வரும். கழுத்து ஜீரோ கேட். தாள் சரிபார்க்கும் வேலையைச் சாலையில் செய்யாமல், வெளியே ஒரு பெரிய நிறுத்துமிடத்தில் முடித்து, சரியான லாரியை மட்டும் சாலையில் விட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்கள் இருந்தார்கள். அது தடத்தைப் போடும் வேலையல்ல, தடத்தை நடத்தும் வேலை. அதற்கு அடிக்கல்லும் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, கடைசியாகத்தான் வந்தது.

ஷேர் ஆட்டோ என்னும் கார்பூல்

பெட்டியின் பக்கம் இப்படி என்றால், ஆட்கள் பக்கம் என்ன நடந்தது? வடசென்னை மக்கள் கார்பூலை எந்த அரசும் சொல்லித்தராமலேயே கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1990களின் இறுதியிலிருந்து சென்னையில் பரவிய ஷேர் ஆட்டோதான் அது. ஐந்தாறு பேர் உட்கார வேண்டிய வண்டியில் எட்டு, பத்து பேர். பாரிமுனை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, எண்ணூர் என்று துண்டு துண்டாக ஓடும். கையைக் காட்டினால் நிற்கும். திருவான்மியூர் வரை போகும் 1-ஆம் எண் பேருந்துக்காகக் காத்திருந்து அலுத்தவர்கள் இதில் ஏறினார்கள். ஆலைத் தொழிலாளர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரி மாணவர், காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா எல்லோருக்கும் இதுதான் வண்டி.

அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் இது மரியாதைக்குரிய வாகனம். மூன்று பேர் என்ன, மூன்று மடங்கு பேர் இருக்கிறார்களே! ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் நிலைமை வேறு. ஒப்பந்த வண்டியாக அனுமதி பெற்றது வழியில் நிறுத்தி நிறுத்தித் தனித்தனியாகக் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றக் கூடாது, அந்த உரிமை பேருந்துக்குத்தான். ஆகவே பல ஷேர் ஆட்டோக்கள் பாதி சட்டத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஓடின. பிடித்தால் அபராதம், பிடிக்காவிட்டால் பிழைப்பு. சொந்தக் காரில் அலுவலக நண்பர்களைக் காசு வாங்கி ஏற்றினாலும் இதே சட்டம்தான் குறுக்கே வரும். கார்பூல் தடம் இந்தியாவில் ஏன் முளைக்கவில்லை என்பதற்கு, சாலையின் அகலத்தைவிட இந்தச் சட்டமே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

சாலைப் பொறியாளர்களின் கணக்கும் ஆளை எண்ணுவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் ஊரகச் சாலைகளுக்குக் கொடுத்த வழிகாட்டியில் ஒரு பேருந்து மூன்று கார்களுக்குச் சமம், ஒரு லாரியும் மூன்று கார்களுக்குச் சமம், பைக் அரைக் கார். பேருந்தில் அறுபது பேர் இருந்தாலும் சரி, லாரியில் இரண்டு பேர் இருந்தாலும் சரி, தாளில் இரண்டும் ஒன்றே. சாலை எவ்வளவு நிரம்பியது என்று அளக்க இது சரியான கருவிதான். அந்தச் சாலையால் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று கேட்டால் அது பதில் சொல்லாது.

டெல்லியில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். 2008-ல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துகளுக்கு நடுத்தடம் ஒதுக்கினார்கள். பேருந்தில் போனவர்களுக்கு நேரம் மிச்சமானது. காரில் போனவர்களுக்குக் காலியான தடமும் சிக்னலும்தான் கண்ணில் பட்டன. கார்க்காரர்களின் குரல் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் கேட்டது, பேருந்துக்காரர்களின் குரல் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் தடம் இடிக்கப்பட்டது. திருவொற்றியூரில் அப்படி ஒரு பேருந்துத் தடத்தை யாரும் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

வரிசை எப்படிக் குறைந்தது

வரிசையின் நீளம் கடைசியில் குறைந்தது ஒரே காரணத்தால் அல்ல. 2011 அக்டோபர் முதல், உயர் நீதிமன்ற உத்தரவால், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. இராயபுரம் வீடுகளின் மேல் படிந்த கரித்தூள் குறைந்தது, அந்தச் சரக்கு 2001-ல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் பெட்டிகளை எடுக்கத் தொடங்கியது. பின்னர், 2014-ல் காமராஜர் பெயர் சூட்டப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்திலும் கன்டெய்னர் முனையம் வந்தது. வரிசையில் காத்துக் கிடந்து அலுத்தவர்களுக்கு வேறு வழி கிடைத்தது. அதன் பிறகுதான் சென்னைத் துறைமுகமும் வாயிலைக் கவனித்தது. 2010களின் பிற்பகுதியில் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை முறை, தொழிற்சாலையிலேயே முத்திரையிட்ட பெட்டி நேரே முனையத்துக்குள் போகும் வசதி போன்றவை வந்தன. முப்பது கிலோமீட்டர் தார்ச் சாலை செய்யாததை ஒரு சிறு அட்டை ஓரளவு செய்தது. வரிசை முற்றிலும் போய்விடவில்லை. கிரேன் பழுது, புயல், வேலைநிறுத்தம் என்று ஏதாவது ஒன்று வந்தால் அது மறுபடி எட்டிப் பார்க்கும்.

ஆட்களுக்கும் ஒரு தனித்தடம் வந்தது, ஆனால் சாலையில் இல்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 9 கிலோமீட்டர். கொஞ்ச தூரம் மண்ணுக்கடியிலும், பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் தலைக்கு மேலும் போகிறது. தேரடி நிலையம் 2022-ல் திறந்தது. தீப்பெட்டி ஆலையின் பெயர் ஒரு மெட்ரோ நிலையத்தில் ஒட்டிக்கொண்டது.

பெட்டிக்கான தனித்தடக் கனவு தெற்கே திரும்பியது. துறைமுகத்திலிருந்து கூவம் ஓரமாக மதுரவாயல் வரை 19 கிலோமீட்டர் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 1,655 கோடி. ஆற்றின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று சொல்லி 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தும், வேலை நடக்கவில்லை. பல ஆண்டுகள் கூவத்தில் மொட்டைத் தூண்களாக நின்றது அந்தத் திட்டம். பிறகு அதை ஈரடுக்குச் சாலையாக மாற்றி வரைந்தார்கள். 2022 மே 26 அன்று பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு அப்போது 5,800 கோடிக்கு மேல்.

மேல் அடுக்கு துறைமுகத்துக்கும் மதுரவாயலுக்கும் நேராக ஓடும் லாரிகளுக்கு. கீழ் அடுக்கு, இடையிடையே ஏற இறங்க வழிகளோடு, நகர வாகனங்களுக்கு. பெட்டிக்கு ஒரு தடம், ஆளுக்கு ஒரு தடம் என்பது இதில்தான் முதன்முறையாக வரைபடத்திலேயே வருகிறது. கீழ் அடுக்கில் போகும் காரில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதையும் அந்த வரைபடம் போடவில்லை.